அப்பா சொன்ன மியான்

1

இந்தக் கதை என் தலையில் உதித்தது அல்ல, என் தலையில் கட்டப்பட்டது.

போன இலையுதிர் காலத்தில் மாவட்டப் பண்பாட்டு அலுவலகத்திலிருந்து தக் என்ற அதிகாரி கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும், நல்ல மனிதர், எதையும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"எழுத்தாளரம்மா, மியான் ஸ்டேஷனைப் புதுப்பிக்கிறோம். உள்ளே காப்பிக் கடை வருது. காத்திருக்கிற கூடத்துச் சுவர்ல மாட்ட உங்க கதை ஒண்ணு வேணும். ரெண்டு பக்கம் போதும். படிச்சா மனசு இளகணும். ஆனா சாவு கீவு வேண்டாம், குழந்தை குட்டியோட வருவாங்க."

சொந்த ஊர் ஸ்டேஷன், எப்படி மாட்டேன் என்பது? சரி என்று சொல்லிவிட்டு மேஜையில் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே, காலம் மறந்துபோன ஒரு சின்னஞ்சிறு—

காலம் எதையும் மறக்காது, ரயில் அட்டவணைதான் மறக்கும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 1941-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மியான் நிலையம், ஐந்து கிராமங்களின் போக்குவரத்துத் தேவையை—

இதற்கு என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை, தக் அவர்களே எழுதியிருப்பார்.

மூன்றாவது தொடக்கம்: ஒரு நாள் என் அப்பா—

இங்கே கை நின்றுவிட்டது. கை எங்கே நிற்கிறதோ அங்கேதான் கதை இருக்கிறது என்று முப்பது வருஷமாக எழுத வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். எனக்கென்று வந்தபோது எழுந்துபோய்ப் பார்லித் தேநீர் போட்டேன். மூன்று தம்ளர் குடித்தேன்.

உங்களிடம் ஒளிவுமறைவு வேண்டாம். இது என் அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டாரா இல்லையா என்பதைப் பற்றிய கதை. நாற்பத்திரண்டு வருஷம் கேட்டார் என்றே நம்பியிருந்தேன். இதை எழுதப்போன இடத்தில்தான் அந்த நம்பிக்கையில் கல் விழுந்தது.

நான் நேராக நின்று பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எனக்கு யேசுன் என்று ஒரு பெயர் வைத்து ஓரமாக நிறுத்திவிட்டு, பில்னாம் அக்காவின் பின்னால் போகிறேன். வாருங்கள்.

2

பில்னாம் பிறந்தது உல்ஜின் கடற்கரையில், ஐந்தாவது பெண்ணாக. அடுத்தது கட்டாயம் ஆண்தான் என்று பொருள்படும் பெயரை அவளுக்கு வைத்தார்கள். அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தது. இதைச் சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். மியானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து ஊருக்கு அவள் உல்ஜின்காரி.

மியானில் ரயில்வே தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டபோது, சீட்டு விற்கும் வேலையை உள்ளூரில் யாருக்காவது கொடுப்பது என்று ஏற்பாடு. பில்னாமின் வீடு ஸ்டேஷனுக்குப் பின்புறம். அவள் கூப்பிட்டால் அக்கரைக்குக் கேட்கும். வேறு தகுதி என்ன வேண்டும்? கடைசி ஸ்டேஷன் மாஸ்டர் விட்டுப்போன தொப்பி அவள் காதுவரை இறங்கியது. தலையில் துணியைக் கட்டி, அதன்மேல் தொப்பியை வைத்து, இருபத்திரண்டு வயதில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கடைசி வண்டி போகிறவரை எழுந்திருக்கவில்லை.

இனி அந்தப் பெயர். ஸ்டேஷன் கட்டினபோது பலகையில் இரண்டு சீன எழுத்துகள் எழுதினார்கள். முதல் எழுத்து அழகு, இரண்டாவது கரை. ஆறு அங்கே ஒரு வளைவு வளைந்து வெள்ளை மணலைக் கொட்டிவிட்டுப் போகும், பொருத்தமான பெயர்தான். பிறகு பலகைகளையெல்லாம் எங்கள் கொரிய எழுத்துக்கு மாற்றினார்கள். எங்கள் எழுத்தில் அது வெறும் மியான். எங்கள் பேச்சில் மியான் என்பது யாருடைய காலையாவது மிதித்துவிட்டால் சொல்கிற வார்த்தை. மன்னிச்சுக்கோ.*

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஓடிய வண்டிக்குப் புறா என்று பெயர், நடையோ ஆமை. நடத்துனர் பெட்டி பெட்டியாக வந்து, "அடுத்து மியான்! மியான்! மியான்!" என்று கத்துவார். யாராவது ஒருத்தன் மூலையிலிருந்து, "பரவால்ல விடுப்பா, இனிமே செய்யாதே!" என்பான். பெட்டியே சிரிக்கும். தினமும் இதே வேடிக்கை, தினமும் அதே சிரிப்பு.

பில்னாமின் ஜன்னலில் சந்தைக்குப் போகிற பெண்கள் வந்து நிற்பார்கள். "அக்கா, மியான்" என்று திரும்பி வருகிற சீட்டுக்கு வாய்தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தது. "எதுக்குடி மன்னிப்பு? என்ன செஞ்சே?" என்று பிடித்துக்கொள்வாள்.

(* வெறும் மியானை நண்பர்களிடம் சொல்லலாம். பெரியவர்களிடம் சொன்னால் முதுகில் விழும், மரியாதையாக ஒரு வால் சேர்க்க வேண்டும். அப்பா பிள்ளையிடம் சொல்வதானாலும் குட்டியாக ஒரு வால் ஒட்டத்தான் செய்யும். அப்பாக்கள் இந்த வார்த்தையைச் சொல்வது எவ்வளவு அபூர்வம் என்பது வேறு விஷயம்.)

3

2008-இல் கடைசி வண்டி போனது. மலையைக் குடைந்து நேர்த்தடம் போட்டுவிட்டார்கள், எங்கள் வளைவு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. ஐந்து வருஷம் கழித்துத் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தடம் இருந்த இடத்தில் எள் விதைத்தார்கள். நடைமேடையில் மிளகாய் காயப்போட்டார்கள், அதற்கென்றே கட்டியதுபோல வசதியாக இருந்தது. தூக்கணாங்குருவி—

(இல்லை, எங்கள் பக்கத்தில் தூக்கணாங்குருவி கிடையாது, தாழ்வாரத்தில் கூடு கட்டுவது தகைவிலான். பாழடைந்த ஸ்டேஷன் என்றதும் கை தானாகக் குருவியைத் தேடுகிறது. விடுங்கள்.)

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது ஒரு ரொட்டி வண்டி ஓட்டுநர் என்கிறாள் பில்னாம். பலகைக்குக் கீழே நின்று, கையை நீட்டித் தன்னைத்தானே படம் எடுத்து, பெண்டாட்டிக்கு அனுப்பினாராம். அடுத்த வாரம் இரண்டு பேருமாக வந்து பில்னாமிடம் இரண்டு சிப்பம் மிளகாய் வாங்கிப்போனார்கள். அது எப்படிப் பரவியதோ, சனி ஞாயிறானால் ஆற்றோரம் கார்கள். வாயால் சொல்ல வராதவர்கள் அந்தப் பலகையின் கீழ் நின்று படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போகிறார்கள்.

அறுபத்தாறு வயதில் பில்னாமுக்கு இது புது உத்தியோகம். யாரும் நியமிக்கவில்லை, அதே பழைய தொப்பியோடு வந்து நிற்கிறாள்.

"தம்பி, தள்ளி நில்லுங்க. தலை பலகைய மறைக்குது. 'மி' மட்டும் தெரிஞ்சா என்னத்த மன்னிப்பாங்க?"

"இப்படியாக்கா?"

"சிரிக்கிறீங்களே! யாருக்கு அனுப்பப் போறீங்க?"

"மாமியாருக்கு."

"அப்போ வாய மூடுங்க. கையக் கட்டுங்க. இன்னும் கொஞ்சம் குனியுங்க. ஆங், இப்பத்தான் ஒரு மருமகன் மாதிரி இருக்கு."

ஒருநாள் ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தாள். படம் எடுத்துக்கொண்டாள். யாருக்கு அனுப்பணும் என்று பில்னாம் கேட்டதற்கு, "அந்த நம்பர் இப்ப வேற யாருக்கோ போயிடுச்சு" என்றாள். பில்னாம் அவளை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சூடாகச் சோயா ரசமும் சோறும் போட்டு அனுப்பினாள். இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது, "நமக்கென்னடி, ஒரு கை சோறு" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

4

தக் அவர்களுக்காக நான் எழுதிய முதல் பிரதியை அப்படியே தருகிறேன். நல்ல பிரதி என்றுதான் அப்போது நினைத்தேன்.

யேசுன் பூசானுக்குச் செருப்புத் தொழிற்சாலை வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கும் அவளுக்கும் ஒரே குலப்பெயர், ஒரே பூர்வீகம். சட்டமே அதை ஒப்புக்கொள்ளாத காலம். அவளுடைய அப்பா மான்சிக் ஆப்பிள் தோட்டக்காரர், பிடித்தால் பிடித்த பிடி. எனக்கு மகள் இல்லை என்று ஊரில் சொல்லிவிட்டார்.

அடுத்த குளிர்காலத்தில் யேசுனின் அம்மா இறந்துபோனாள். மான்சிக் மகளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மூன்று நாள் துக்கம் முடிந்து, புதைத்து, ஒரு மாதம் கழித்துப் பூசான் மீன் சந்தையில் ஊர்க்காரி ஒருத்தி, "அம்மா போனதுக்குக்கூட நீ வரலியேடி" என்று கேட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கையில் இருந்த மீனோடு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வருஷம் போனது. 1981 பிப்ரவரி, தலைத்திதிக்கு இரண்டு நாள் முன்பு, பனி கொட்டிக்கொண்டிருந்தது. பில்னாம் கரியடுப்பில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலில் மான்சிக் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உல்ஜின்காரி."

"சொல்லுங்க பெரியவரே."

"பூசானுக்கு ஒரு போன் போடணும். அவளுக்கு."

எவளுக்கு என்று பில்னாம் கேட்கவில்லை. யேசுன் குடியிருந்த வீட்டுக்குக் கீழே அரிசிக் கடையில் போன் உண்டு, அந்த எண் அவளிடம் இருந்தது. "என்ன சொல்லணும்?"

"மியான்னு சொல்லு. நாளைக்கு ரெண்டரை வண்டி."

"வேற?"

"வேற என்ன?"

அவர் போய்விட்டார். பில்னாம் கிழங்கை மறந்து போனைச் சுற்றினாள். "யேசுன்! ஒங்கப்பா வந்தாருடி! தொப்பியக் கழட்டிட்டு என் முன்னால நின்னு மியான்னு சொன்னாருடி! ரெண்டரை வண்டிக்கு வரச் சொன்னாரு!" என்று கத்தினாள். அக்கரைக்குக் கேட்கும் குரல், அழுததால் இன்னும் கூடிப்போயிருந்தது.

யேசுன் மறுநாள் ஏழு மாதக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். அப்பா மூட்டையோடு நடைமேடையில் நின்றார். அவள் பனியில் நெற்றி படக் கும்பிட்டாள். அவர் அவளை வீட்டுக்கு அழைத்துப்போனார். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் உயிரோடிருந்தார், பேத்திக்கு ஆப்பிள் தோலை ஒரே சுருளாகச் சீவிக் காட்டினார். அவர் போன பிறகு அவருடைய புகையிலை டப்பாவில் ஒரு அட்டைச் சீட்டு கிடைத்தது. மியானிலிருந்து பூசானுக்கு. 1981 பிப்ரவரி தேதி குத்தியிருந்தது, பயணம் செய்யாத சீட்டு. மகள் வராவிட்டால் தானே போய் மன்னிப்புக் கேட்பது என்று வாங்கி வைத்திருக்கிறார்.

பிரதி முடிந்தது. தக் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "சாவு ஒண்ணுக்கு ரெண்டா வந்துடுச்சு. பரவால்ல எழுத்தாளரம்மா, இருக்கட்டும்."

5

மாட்டுவதற்கு முன்னால் பில்னாம் அக்காவுக்கு ஒருதரம் படித்துக் காட்டுவோம் என்று பஸ் ஏறிப்போனேன். அதுதான் நான் செய்த தப்பு, அல்லது நான் செய்த ஒரே சரியான காரியம். இன்னும் முடிவு செய்யவில்லை.

அவள் கூடத்தில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் கிள்ளிக்கொண்டே படித்தேன். தொப்பியைக் கழற்றிய இடம் வந்தபோது அவள் கை நின்றது. சீட்டு வந்தபோது எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து விட்டாள். தண்ணீர் சும்மா ஓடியது.

"அக்கா? நல்லால்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் கஷ்டம்." வந்து உட்கார்ந்தாள். "இதச் சுவர்ல மாட்டுவாங்களா?"

"மாட்டுவாங்க."

"அந்தக் கூடத்த தெனம் நான்தானேடி பெருக்கறேன். அந்தப் பொய்க்குக் கீழ நின்னு தெனம் நான் பெருக்கணுமா?"

எனக்குப் புரியவில்லை. அவள் மிளகாய்த் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"தொப்பிய ஏன் கழட்டினாரு தெரியுமா? பனிய ஒதற. ஒதறிட்டு மறுபடி போட்டுக்கிட்டாரு. நான்தான் போன்ல அத வேற மாதிரி சொல்லிட்டேன். எனக்கு அப்ப அப்படித்தான் தெரிஞ்சுது, சத்தியமா."

"சரி, தொப்பி போகட்டும்."

"தொப்பியோட போனாத் தேவலையே. மறுநாள் ரெண்டு மணிக்கே வந்துட்டாரு, மூட்டையத் தூக்கிட்டு. வண்டி வர்ற நேரத்துக்குத்தான் ஜன்னல்ல வந்து நின்னு, 'பூசானுக்கு ஒரு சீட்டு, நாலு மணி வண்டிக்கு'ன்னாரு. 'நீங்க போறீங்களா பெரியவரே?'ன்னு கேட்டேன். 'நான் ஏன் போறேன்? அவளுக்கு. அவ அம்மா சாமான் இது. வாங்கிட்டு அடுத்த வண்டில திரும்பிப் போகட்டும். ஸ்டேஷனத் தாண்டி ஊருக்குள்ள கால் வைக்கக் கூடாது. அதுக்குத்தானே மியான்னு சொல்லச் சொன்னேன்'னாரு."

நான் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊர்ப் பேரச் சொல்லியிருக்காருடி. எறங்க வேண்டிய எடத்தச் சொல்லியிருக்காரு. நான் மன்னிப்புன்னு கேட்டுட்டேன். 'ஐயையோ, நான் வேற மாதிரி சொல்லிட்டேனே'ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள வண்டி ஊதிட்டான்."

"நாப்பத்திரண்டு வருஷம்" என்றேன்.

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன். நீ வருவ. அந்த மனுஷன் கையப் புடிச்சிட்டு மேடையில நடப்ப. 'எங்கப்பா மாதிரி யாருக்கா மன்னிப்புக் கேப்பாங்க'ன்னு எங்கிட்டயே சொல்லுவ. எப்படிடி எனக்கு வாய் வரும்?"

நான் மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டேன். அப்புறம் எது எதனால் வந்த கண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை. முகத்தைக் கழுவினேன், செருப்பைப் போட்டேன், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

6

பதினொரு நாள் அவளுக்குப் போன் செய்யவில்லை. கோபம் அவள்மேல் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் செத்துப்போனவர்மேல் காட்ட முடியாததை இருக்கிறவர்மேல் காட்டத்தானே செய்கிறோம்.

அந்த நாட்களில் அப்பாவைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) அவர் ஸ்டேஷனைத்தான் சொன்னார். மகளை வாசலோடு திருப்பி அனுப்ப வந்த கல்மனசுக்காரர். நடைமேடையில் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல்—

(யாரும் பார்க்கவில்லை. அந்தப் பனியில் இறங்கியது யேசுனும் ஒரு தபால் மூட்டையும்தான்.)

ஆ) அவர் மன்னிப்பைத்தான் கேட்டார். மறுநாள் வெட்கம் வந்துவிட்டது. பில்னாமிடம் ஊர்ப் பெயர் என்று கதை அளந்து மீசையில் மண் ஒட்டாமல் பார்த்துக்கொண்டார். சீட்டு உண்மையில் தனக்கு—

(இதை எழுதும்போது எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? அதனால்தான் நம்பமாட்டேன் என்கிறது மனசு.)

இ) மியான் என்று சொன்னபோது எந்த மியானைச் சொல்கிறோம் என்று அவருக்கே—

(கெட்டிக்காரத்தனம். அடித்துவிட்டேன்.)

வால் ஞாபகம் வந்தது. மன்னிப்பாக இருந்தால் ஒரு வால் ஒட்டியிருக்குமே? ஆனால் அப்பா வார்த்தைக்கெல்லாம் வாலை நறுக்கிவிட்டுப் பேசுகிறவர். பசித்தால் "சோறு". கதவைச் சாத்த வேண்டுமென்றால் "கதவு". என் கல்யாணச் சேதி போனபோது அவர் அனுப்பிய பதில், "இல்லை". அந்த மனிதருடைய மியானில் வால் இல்லாததை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது.

அப்புறம் அந்தச் சீட்டு. மகளைத் திருப்பி அனுப்ப வாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம், பில்னாமிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம், அடுப்பில் போட்டுக் கொளுத்தியிருக்கலாம். பதினெட்டு வருஷம், தினமும் நாலு தடவை திறக்கிற டப்பாவில் ஏன் வைத்திருந்தார்? ஒரு கதாபாத்திரம் இப்படிச் செய்தால், காரணம் எங்கே என்று ஆசிரியரைக் கேட்பேன். அப்பாவைக் கேட்க முடியாது. இருந்தபோதும் கேட்டிருக்க முடியாது, "தூங்கு" என்றிருப்பார்.

தக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். வழக்கமான சிரிப்பு வரவில்லை.

"அப்போ கதைய மாத்திடலாமா எழுத்தாளரம்மா? மன்னிப்புக் கேட்டாரா, கேக்கலையா, ஏதோ ஒண்ணுன்னு வச்சு..."

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் போனது அவரிடம் அல்ல. பஸ்ஸைவிட்டு இறங்கினபோது பில்னாம் நடைமேடையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். அந்தக் காலத்தில் ரயில்வே மேலதிகாரி பரிசோதனைக்கு வந்தால் அப்படித்தான் நிற்பாள்.

"திட்டணும்னா திட்டுடி. ஆனா உள்ள வந்து சாப்பிட்டுட்டுத் திட்டு."

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நீங்க சரியாக் காதுல வாங்கி, 'ஒங்கப்பா மூட்டைய வாங்கிட்டுப் போகச் சொன்னாரு'ன்னு சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன் தெரியுமா?"

"என்ன?"

"மூட்டையக் கொளுத்துங்கன்னு சொல்லிப் போன வச்சிருப்பேன். செத்தாலும் வந்திருக்க மாட்டேன். அவரும் கூப்பிட்டிருக்க மாட்டாரு. அவரு செத்ததையும் எவளாவது மீன் சந்தையிலதான் எனக்குச் சொல்லியிருப்பா."

அவள் முகம் கோணியது.

"ஒங்க காது கோணலா இருந்துச்சு பாருங்க, அதனால எனக்குப் பதினெட்டு வருஷம் அப்பா இருந்தாரு. எம் பொண்ணுக்குத் தாத்தா இருந்தாரு. நான் ஒங்களத் திட்டவா வந்தேன்?"

பில்னாம் துடைப்பத்தைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். தொப்பி என் கன்னத்தில் இடித்தது. இரண்டு கிழவிகளும் எள் வயலைப் பார்த்து நின்று வாய்விட்டு அழுதோம். படம் எடுக்க வந்த ஒரு ஜோடி, நம்மால்தானோ என்று பயந்து காருக்குத் திரும்பிவிட்டது.

"போச்சு" என்றாள் பில்னாம், மூக்கைச் சிந்தியபடி. "ரெண்டு சிப்பம் மிளகாய் போச்சு."

சாப்பிடும்போது கேட்டாள். "சரி, இப்ப சுவர்ல என்னதான் எழுதப் போற?"

"நடந்தத."

"அவரு மனசுல என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாதுடி. மேடையில பத்தடி தள்ளி நின்னேன். அவரு முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது. ஒனக்கு?"

"பனிதான் தெரிஞ்சுது. நெத்திய வச்சிருந்தேனே."

7

அதனால் முடிவு என்னிடம் இல்லை. அந்த நேரத்து அப்பா முகத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் என் முதுகில் கட்டியிருந்த ஏழு மாதக் குழந்தை. அவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது, கேட்டால், "அம்மா, ஒங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்கிறாள்.

எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். அதுவே சுவரிலும் இருக்கும்.

ரெண்டரை வண்டி பத்து நிமிஷம் தாமதமாக வந்தது. யேசுன் இறங்கினாள். மான்சிக் விளிம்பிலிருந்து நாலு அடி தள்ளி, தொப்பியோடு நின்றார். காலடியில் நீலத் துணி மூட்டை. உள்ளே அம்மாவின் பஞ்சு வைத்த மேல்சட்டை, கொண்டை ஊசி, அவள் சாப்பிட்ட பித்தளைக் கரண்டி. அவருடைய கோட்டுப் பையில் நாலு மணி வண்டிக்கான சீட்டு. மகளிடம் சொல்ல வேண்டியதை அவர் தயாராக வைத்திருந்திருப்பார், இரண்டு வார்த்தைக்கு மேல் இருந்திருக்காது.

அவர் வாய் திறப்பதற்குள் யேசுன் பனியில் மண்டியிட்டாள். நெற்றியைத் தரையில் வைத்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

"நீங்க மியான் சொல்லியிருக்கக் கூடாதுப்பா. நான்தான் சொல்லணும். அப்பா, நானும் மியான்."

வண்டி ஊதிவிட்டுக் கிளம்பியது. பெட்டி பெட்டியாகக் கடந்து போனது. கடைசிப் பெட்டி வளைவில் திரும்பி மறைகிறவரை மான்சிக் ஒன்றும் பேசவில்லை.

அந்த நேரம் முழுக்க உங்களுக்கு.

[                                        ]

இந்த அடைப்புக்குறிக்குள் நான் எழுதமாட்டேன். தக் கேட்டுவிட்டார், பில்னாம் கேட்டுவிட்டாள், நானே என்னைக் கேட்டுவிட்டேன். ஒரு மனிதர் தான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கேள்விப்படுகிறார். இல்லை என்று சொல்ல அவருக்குப் போதுமான நேரம் இருக்கிறது. அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அப்பா இருந்திருப்பார், உங்களால் முடியும்.

எழுதிவிட்டீர்களா? இனி எனக்குக் கேட்டதை மட்டும் சொல்கிறேன். தலைக்கு மேலே துணி உரசும் சத்தம் கேட்டது, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அவர் குரல்.

"பிள்ளைக்குக் குளிருது. நட."

யேசுன் எழுந்தாள். இல்லை, போதும் அந்தப் பெயர். நான் எழுந்தேன். அப்பா முன்னால் போனார், நான் அவருக்குப் பின்னால் வீட்டுக்கு நடந்தேன்.